சர்க்கரைப் புண்ணுக்கு மேலே என்ன போடலாம்? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"வாப்பாவுக்குக் கால்ல புண்ணு, ரெண்டு மாசமா ஆற மாட்டேங்குது. நல்ல ஆயின்மென்டா ஒன்னு குடுங்கண்ணே." தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை கடலோர மெடிக்கல் கடைகளில் சர்க்கரைப் புண் பற்றிய பேச்சு இப்படித்தான் தொடங்கும். கடைக்காரரும் ஏதோ ஒரு டியூபை எடுத்து நீட்டிவிடுவார். நானும் மருந்துக் கடையில் நிற்பவன்தான். அந்த டியூப் பெரும்பாலும் பெரிய கெடுதல் செய்யாது. அதை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கும் இரண்டு மாதம்தான் காலைத் தின்கிறது.

மேல்மருந்துக்கு இடம் உண்டு. எந்த மருந்து என்பதைப் புண்ணின் நிலைதான் சொல்லும். நிலை மாற மாற மருந்தும் மாறும். ஆனால் அதற்கு முன் மூன்று காரியம் நடந்தாக வேண்டும். புண் மேல் பாரம் விழக் கூடாது. காலுக்கு ரத்தம் போய்ச் சேர வேண்டும். செத்த சதை அகற்றப்பட வேண்டும். இவை இல்லாமல் களிம்பு மட்டும் போடுவது, ஓட்டையை அடைக்காமல் படகிலிருந்து தண்ணீர் இறைப்பதுதான்.

முதலில் காலைப் பாருங்கள்

நம் பக்கத்தில் புண் வருவதற்கு வழிக்குப் பஞ்சமில்லை. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். கரையில் சிப்பி ஓடு, தூண்டில் முள், திருக்கை முள். உப்பளத்தில் நிற்பவர்களுக்குப் பாதம் வெடித்துக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் மணல் கொப்பளிக்க வைக்கும். ராமேஸ்வரத்தில் வெறுங்காலோடு வெயில் தரையைக் கடக்கும் யாத்திரிகர்களுக்கும் இதே கதைதான். உணர்ச்சி உள்ள கால் என்றால் சுட்டதும் துள்ளிவிடும். பல வருடச் சர்க்கரையில் நரம்பு மரத்துப்போன காலுக்குச் சுட்டதும் தெரியாது, குத்தியதும் தெரியாது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் பத்தடி நடந்து போனவர்களை மண்டபம் கடைத்தெருவிலேயே பார்க்கலாம். அப்படி ஒருவரைப் பார்த்தால் கூப்பிட்டுச் சொல்லுங்கள்: சர்க்கரை டாக்டரிடம் காலைக் காட்டச் சொல்லி.

ஆஸ்பத்திரியில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பார்கள். ரத்த ஓட்டத்துக்கு இரண்டு இடத்தில் நாடி பிடிப்பார்கள்: பாதத்தின் மேல்புறம், உள் கணுக்காலுக்குப் பின்புறம். சந்தேகம் இருந்தால் கையிலும் கணுக்காலிலும் பிரஷர் எடுத்து ஒப்பிடுவார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் வரும் விகிதம் 0.9க்குக் கீழே போனால் ரத்தம் சரியாகப் போகவில்லை என்று பொருள். சர்க்கரைக்காரர்களுக்கு ரத்தக்குழாய் இறுகிப்போய் விகிதம் பொய்யாகக் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. அப்போது கால்விரலில் அழுத்தம் எடுக்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கு மதுரைக்குத்தான் போக வேண்டும் என்று நினைக்க வேண்டாம். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டுவிட்டது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடமும் புண்ணைக் காட்டுங்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு காலைச் சேலைக்குள் மறைப்பவர்கள் இருக்கிறார்கள்.

பாரத்தை இறக்குங்கள்

இதுதான் நம் ஊரில் நடக்காத காரியம். பாதத்தின் அடியில், பெருவிரல் மேட்டில் புண். அந்தக் காலை ஊன்றித்தான் வலை இழுக்க வேண்டும், மீன் கூடை தூக்க வேண்டும். வலி தெரியாததால் ஊன்றுவதும் நிற்பதில்லை. ஒவ்வொரு அடியும் முந்தின நாள் முளைத்த சதையை நசுக்கிவிடும்.

உள்ளங்கால் புண்ணுக்கு உலகம் முழுக்க முதல் தேர்வு, முழங்காலுக்குக் கீழே வரை வரும் கழற்ற முடியாத மாவுக்கட்டு அல்லது பூட்ஸ். கழற்ற முடியாது என்பதில்தான் அதன் பலம் இருக்கிறது. கழற்ற முடிந்தால் வீட்டுக்குள் கழற்றிவிடுவோம். ரத்த ஓட்டம் மோசமாக இருந்தாலோ, சீழ் பிடித்திருந்தாலோ இந்தக் கட்டு போடுவது பற்றி டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அது கிடைக்காத இடத்தில், புண் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுச் சுற்றிலும் தடித்த ஃபெல்ட் துணி ஒட்டி, சரியான செருப்பு போட்டு, ஊன்றுகோல் பிடிப்பது அடுத்த வழி.

"தடைக்காலம் வரட்டும், அப்ப ஓய்வு எடுத்துக்கிறேன்" என்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைப் புண் எதிர்பார்த்துக் காத்திருக்காது. அது கார்த்திகையில் வந்தால் கார்த்திகையிலேயே காலைத் தூக்கி வைக்க வேண்டும்.

செத்த சதையும் காய்ப்பும்

புண்ணைச் சுற்றித் தடித்த காய்ப்பு இருந்தால், அதுவே உள்ளே அழுத்தத்தைக் கூட்டும். பயிற்சி பெற்றவர் கத்தியால் அதைச் சீவி, செத்த சதையை வெட்டி எடுத்தால்தான் புண்ணின் உண்மையான அளவு தெரியும். மேலே மிளகளவு தெரிந்தது உள்ளே எலும்பு வரை போயிருக்கலாம். வீட்டில் பிளேடு வைத்துச் சீவுவது வேண்டவே வேண்டாம். கால் ஆணிக்கு ஒட்டும் கார்ன் கேப்பும் அப்படித்தான்: அதில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும், மரத்த காலுக்கு அது தெரியாது.

ஒரு விலக்கு உண்டு. ரத்த ஓட்டம் இல்லாத காலில், விரல் கறுத்துக் காய்ந்து, ஈரமும் நாற்றமும் இல்லாமல் இருந்தால், அதை ஊற வைக்கக் கூடாது. காய்ந்தபடியே வைத்து ரத்தக்குழாய் டாக்டரிடம் போக வேண்டும்.

கழுவுவது: கடல் தண்ணீர் வேண்டாம்

"கடல் தண்ணி பட்டா புண்ணு ஆறும்" என்ற பேச்சு நம் கரை முழுக்க இருக்கிறது. நல்ல உடம்புக்காரரின் சிராய்ப்பு எதில் கழுவினாலும் ஆறிவிடும். பெயர் கடலுக்குப் போய்விடுகிறது. புண்ணைக் கழுவும் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. கடல் நீரில் சுமார் 35 கிராம், ஏறத்தாழ நான்கு மடங்கு. அது புதுச் சதையை உலர்த்திவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, வெதுவெதுப்பான கடல் நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள். சர்க்கரையும் ஈரல் கோளாறும் உள்ளவர்களுக்குத் திறந்த புண் வழியாக இவை ஏறினால் ஒன்றிரண்டு நாளில் காலே போகலாம், உயிரும் போகலாம். காலில் திறந்த புண் இருக்கும்போது அக்னி தீர்த்தத்தில் இறங்க வேண்டாம், தேவிபட்டினம் நவபாஷாணத்திலும் இறங்க வேண்டாம், பாசி எடுக்கப் போக வேண்டாம். தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும், சாமி கோபிக்காது.

மெடிக்கலில் கிடைக்கும் சலைன் பாட்டில் விலை குறைவு, அதுவே நல்லது. திறந்தால் ஒரு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். வீட்டில் செய்வதானால், குடிக்கிற காவிரித் தண்ணீர் ஒரு லிட்டரைக் கொதிக்க வைத்து, தலை தட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி தூள் உப்பு போட்டு, மூடி ஆற வையுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரும் அழுக்கு ஒட்டிய கல்லுப்பும் வேண்டாம். காலைத் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். வெந்நீர் என்றால் இன்னும் மோசம்: சூடு தெரியாமல் வெந்துபோய் வந்தவர்கள் நிறைய.

தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்பவர்கள் கேட்பதுண்டு, கட்டு நனையாமல் எப்படி என்று. காயக் கட்டின் மேல் ஈரக் கையால் தடவும் மஸஹ் முறைக்கு மார்க்கத்தில் இடமுண்டு. உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றக் காலைக் கழுவினால் விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடையுங்கள். சேற்றுப்புண் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

புண்ணைப் பார்த்து மருந்தைத் தேர்வது

சரி, இனி மேல்மருந்து. புண்ணின் நிறத்தையும் ஈரத்தையும் பார்ப்பதுதான் வழி.

மஞ்சள் படலம் ஒட்டிக்கொண்டு வறண்டிருந்தால், அதை இளக்க வேண்டும். ஹைட்ரோஜெல் ஈரம் கொடுத்துப் படலத்தை ஊறச் செய்யும். கொலாஜனேஸ் போன்ற நொதிக் களிம்பு செத்த புரதத்தைக் கரைக்கும். நொதிக் களிம்பு போடும்போது சில்வர், அயோடின் இரண்டையும் சேர்க்கக் கூடாது, நொதி செயலிழந்துவிடும். ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பூசினால் சீக்கிரம் ஆறும் என்ற நினைப்பில் பல புண்கள் வீணாகின்றன.

நீர் நிறையக் கசிந்தால் உறிஞ்சும் கட்டு வேண்டும்: ஆல்ஜினேட் அல்லது ஃபோம். ஆல்ஜினேட் நமக்கு அந்நியப் பொருள் இல்லை. மன்னார் வளைகுடாவில் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்கி எடுக்கும் கட்டக்கோரை, பக்கோடா பாசி போன்ற பழுப்புப் பாசிகளில் இருப்பதுதான் அது. (மரிக்கொழுந்து பாசி வேறு, அது அகருக்குப் போகிறது.) பாசியிலிருந்து பிரித்து, நாராக்கி, கிருமி நீக்கித் துணியாகச் செய்தால் அது கசிவை உறிஞ்சிக் கொழகொழவென்று ஜெல்லாகிவிடும், எடுக்கும்போது புதுச் சதை பிய்ந்து வராது. இதைக் கேட்டுவிட்டு யாரும் கரையில் ஒதுங்கிய பாசியை அரைத்துப் பூச வேண்டாம். வறண்ட புண்ணில் ஆல்ஜினேட் போட்டால் இருக்கிற ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

புண் சுத்தமாக, சிவந்து, கசிவு குறைவாக இருந்தால் அதைத் தொந்தரவு செய்யாமல் விடுவதே வைத்தியம். ஒட்டாத பாரஃபின் காஸ் துணி, மேலே சுத்தமான காஸ். சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ்கூடப் போதும். விலை உயர்ந்ததுதான் ஆற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

சிவப்பு, வீக்கம், சூடு, சீழ் என்று கிருமி பிடித்த அடையாளம் இருந்தால் டாக்டர் பெரும்பாலும் மாத்திரையோ ஊசியோ கொடுப்பார். கூடவே அயோடினோ சில்வரோ கொஞ்ச நாளைக்கு மேலே போடச் சொல்லலாம். நமக்குப் பழகிய பீட்டாடின் இங்கேதான் வரும். தைராய்டு, கிட்னி கோளாறு உள்ளவர்கள் அயோடினை நீண்ட நாள் போடக் கூடாது. சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் சில்வர் சல்ஃபாடயசின் வேண்டாம். கிருமி பிடிக்காத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை, மாத்திரையாகவும் சரி, பவுடராகவும் சரி. அந்தப் பவுடர் தூவித்தூவி மேலே பொருக்குத் தட்டி, உள்ளே சீழ் கட்டியிருப்பதை மறைத்துவிடும்.

இங்கே பலருக்கு ஏமாற்றம் தரும் செய்தி ஒன்று. சர்வதேச நீரிழிவுப் பாதச் செயற்குழுவின் 2023 வழிகாட்டுதலில், புண்ணை ஆற்றுவதற்கென்று கிருமிநாசினிக் கட்டோ, தேனோ, கொலாஜன் கட்டோ போட வேண்டாம் என்றே சொல்கிறார்கள். இவை விஷம் என்று அர்த்தமில்லை. சாதாரணக் கட்டைவிட நன்றாக ஆற்றுகின்றன என்று நம்பும்படியான சான்று கிடைக்கவில்லை. தேன் என்றால் பனைமரத்துக் கூட்டிலிருந்து எடுத்ததைத் தடவுவது இன்னும் தப்பு. மருத்துவத் தேன் கிருமி நீக்கப்பட்டது.

பின் எதற்குச் சான்று இருக்கிறது? சுக்ரோஸ் ஆக்டசல்ஃபேட் தோய்ந்த கட்டு. நரம்பும் ரத்த ஓட்டமும் இரண்டும் பழுதான, கிருமி பிடிக்காத புண்களில் 2018இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், 20 வாரத்தில் 48 சதவீதம் மூடின. சாதாரணக் கட்டில் 30 சதவீதம். இதையும் எடுத்தவுடன் போடுவதில்லை. பாரம் இறக்கி, சுத்தம் செய்து, இரண்டு வாரமாவது பார்த்தும் புண் சுருங்காதபோதுதான்.

அடுத்தது வளர்ச்சிக் காரணி ஜெல்கள், அதாவது சதை வளரத் தூண்டும் புரதம் கலந்தவை. அதில் ஒன்றான பெக்காப்ளெர்மின் 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்த ஓட்டம் நன்றாக இருந்த புண்களில் 20 வாரத்தில் ஏறக்குறைய பாதி மூடின. மருந்தில்லா ஜெல்லில் 35 சதவீதம். எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்பதே இப்போதைய பரிந்துரை. விலையைப் பார்த்தால் அது நியாயம்தான் என்று தோன்றுகிறது. டாக்டர் எழுதிக் கொடுத்தால், ஒரு நாளைக்கு ஒரு முறை மெல்லிசாகத் தடவி, 12 மணி நேரம் கழித்துச் சலைனால் கழுவிவிட்டு, மிச்ச நேரத்துக்குச் சலைன் காஸ் வைக்க வேண்டும். புண் இருக்கும் இடத்தில் புற்றுநோய் இருந்தால் போடக் கூடாது. ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து இது. ராமநாதபுரத்தில் வாங்கிப் பாம்பன் தாண்டிக் கொண்டுபோகிறவர்கள் மீன் ஐஸ் பெட்டியில் போட்டு ஐஸ் மேலேயே வைத்துவிடுகிறார்கள். உறைந்தால் கெட்டுவிடும். துணியில் சுற்றி, ஐஸ் பொட்டலத்தோடு ஒட்டாமல் எடுத்துப் போங்கள்.

பூசக் கூடாதவை

சுண்ணாம்பு, காபித்தூள், புகையிலைச் சாம்பல், பற்பசை, டீசல், கிரீஸ். படகு எஞ்சினில் வேலை செய்பவர்கள் டீசல் தடவுவதைப் பெருமையாகச் சொல்வார்கள். மஞ்சளும் வேப்பிலையும் சமையலறையில் அரைத்தது என்பதால் சுத்தம் ஆகிவிடாது. அந்த விழுது புண்ணில் ஒட்டிக் காய்ந்து, அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கவே முடியாமல் செய்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பது பார்க்க நன்றாக இருக்கும். முளைக்கும் செல்களையும் சேர்த்துக் கொல்லும்.

கட்டு மாற்றுவது

டாக்டரோ நர்ஸோ ஒரு முறை செய்து காட்டிய பிறகு வீட்டில் செய்யலாம். ஃபேனை நிறுத்துங்கள். கடற்காற்றில் மணல் பறக்கும் வீடு என்றால் ஜன்னலையும் சாத்துங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பழைய கட்டை எடுங்கள். ஒட்டியிருந்தால் சலைன் ஊற்றி இளக்குங்கள், பிய்க்காதீர்கள். எடுத்த கட்டை உடனே குப்பையில் போடாமல் பாருங்கள்: எவ்வளவு நனைந்திருக்கிறது, என்ன நிறம், நாற்றம் உண்டா. மறுபடி கை கழுவி, கையுறை போட்டு, சலைனை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். சுற்றியுள்ள தோலைத் தட்டித்தட்டி உலர்த்துங்கள், தேய்க்க வேண்டாம். மருந்து புண்ணுக்குள் மட்டும், மெல்லிசாக. சுற்றுத் தோல் ஊறி வெளுத்திருந்தால் மருந்து அதிகம், அல்லது கட்டு மாற்றத் தாமதம். ஆழமான குழியில் காஸைத் தளர்வாக வையுங்கள், திணிக்காதீர்கள். பிளாஸ்திரியை விரலைச் சுற்றி முழு வளையமாக ஒட்டாதீர்கள். வீங்கினால் அதுவே ரத்தத்தை நிறுத்தும்.

காஸ் கட்டு தினமும், ஆல்ஜினேட் ஒன்று முதல் மூன்று நாளுக்கு ஒரு முறை. ஃபோம் சில நாள் தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கும். நம் ஊர் வியர்வையில் அதைக் கணக்கில் எடுக்காமல், நனைந்து ஓரம் வந்தாலே மாற்றுங்கள்.

ஆறுகிறதா என்று எப்படித் தெரியும்

வாரம் ஒரு நாள், ஒரே கிழமையில், புண்ணுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்கேலை வைத்து ஃபோனில் படம் எடுங்கள். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி எழுதி வையுங்கள். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறைந்திருந்தால் நல்ல பாதையில் இருக்கிறது. குறையவில்லை என்றால் அடுத்த டியூபைத் தேடாதீர்கள். பாரம் இறங்கியதா, ரத்தம் போகிறதா, எலும்பில் கிருமியா, சர்க்கரை எவ்வளவு என்று டாக்டர் முதலிலிருந்து பார்க்க வேண்டும். கம்பி போன்ற கருவியால் தொடும்போது எலும்பு தட்டுப்பட்டால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். ரத்தக்குழாய் அடைப்பு என்றால் அதைத் திறக்கும் சிகிச்சைக்கு முதல்வரின் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

அன்றைக்கே கிளம்ப வேண்டிய அடையாளங்கள் இவை: புண் ஓரத்திலிருந்து சிவப்பு 2 சென்டிமீட்டர் தாண்டிப் பரவுவது, காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம், புதிதாகக் கறுப்பு, கெட்ட நாற்றம், தோலை அழுத்தினால் உள்ளே நறநறப்பு, காரணமில்லாமல் சர்க்கரை எகிறுவது. ராத்திரி என்றாலும் 108ஐக் கூப்பிடுங்கள். வலி இல்லையே என்று விடியும்வரை பொறுப்பவர்கள் உண்டு. அந்தக் காலுக்கு வலி சொல்லத் தெரியாது. புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடாக வீங்கினாலும் ஊன்றாமல் உடனே காட்டுங்கள், எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

மூடிய பிறகு

புண் மூடியவர்களில் பத்தில் நான்கு பேருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகிறது. அதனால் மூடியவுடன் பழைய ஹவாய் செருப்புக்குத் திரும்ப வேண்டாம். எம்சிஆர் எனும் மெத்தென்ற ரப்பர் அடித்தட்டு வைத்த, பின்பட்டை உள்ள செருப்பு வாங்குங்கள். பின்பட்டை இருந்தால் கழன்று விழாது. முதல் வாரம் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போட்டுக் கழற்றிச் சிவந்திருக்கிறதா என்று பார்த்துப் பழக்குங்கள். போடும் முன் கையை உள்ளே விட்டு மணல், முள், கல் இருக்கிறதா என்று தடவுங்கள். படகில் செருப்பு போட்டால் வழுக்கும் என்பது உண்மைதான். அதற்கு நீர் வடியும், அடிப்பாகம் பிடிமானமுள்ள, பின்பட்டை வைத்த வகையைத்தான் தேட வேண்டும். வெறுங்கால் அதற்கு விடையில்லை.

வறண்ட குதிகாலுக்கு 10 முதல் 25 சதவீத யூரியா கிரீம் ராத்திரியில் தடவலாம், தேங்காயெண்ணெயும் சரிதான். இரண்டும் விரலிடுக்கில் படக் கூடாது. இடுக்கில் வெளுத்து அரித்தால் அது பூஞ்சை. குளோட்ரிமசோல் கிரீமை, தோல் சரியானதாகத் தெரிந்த பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரை போடுங்கள். பாதத்தின் அடியைத் தினமும் பார்க்கக் குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள், கண் மங்கியவர்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.